படியிறங்க முடியாத துணை

பெங்களூரில் என்னென்ன பார்த்தாய் என்று ஊர் திரும்பியதும் அலுவலகத்தில் கேட்டார்கள். ஒரு மேம்பாலம், ஒரு மாடிப்படி, ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். உண்மையில் அவ்வளவுதான் பார்த்தேன். மூன்று இடங்களிலும் மற்றவர்கள் நின்று பார்த்த வேடிக்கை நான்தான்.

நான் போனது சுகன்யாவுக்காக. கோவையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மின்பொறியியல் படித்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்ததும் நான் அங்கேயே பம்ப்செட் மோட்டார்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். அவள் பெங்களூரு போய், வைட்ஃபீல்டில் வேலை பார்த்து, அங்கே ஆல்பர்ட்டைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளோடு பேசுவதில்லை. குழந்தை உண்டாகியிருக்கிறது என்று செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய்வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் என்ன செய்வது? ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் செய்தாள்.

“நந்து, என் பக்கத்துல இருந்து ஒரே ஒரு ஆள் வந்து நின்னாப் போதும்டி. அத்தை நல்லவங்கதான், ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு அவங்க சொந்தக்காரங்க வருவாங்கல்ல? பொண்ணு வீட்டுல ஒருத்தரும் வரலியான்னு கேப்பாங்க. எனக்கு அது வேண்டாம்.”

“வர்றேன்.”

“இன்னொன்னு. குழந்தையை வெளிய கொண்டுவந்து காட்டும்போது நீதான் முதல்ல கையில வாங்கணும். எங்கம்மா வாங்க வேண்டியது. நீ வாங்கு.”

“வாங்கறேன். வேற?”

“வேற ஒன்னும் இல்ல. அது ஒன்னுதான்.”

அவள் குரல் உடைந்ததால் நான் உடனே என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். யாராவது அழுதால் பட்டியல் போடுவது என் சுபாவம். பழைய பருத்திச் சேலைகள், நல்லெண்ணெய், பூண்டு, சுக்கு, வெந்நீர்ப் பை. எல்லாம் எடுத்து வைத்தேன். கூடவே ஓட்டத்துக்குப் போடும் ஷூவையும் வைத்தேன்.

அதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நான் போய் இறங்கியதற்குக் காரணம் சுகன்யா அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓர் அரை மாரத்தான் இருந்தது. இவ்வளவு முன்னாடியே வந்துவிட்டாளே என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியபோது, பையில் இருந்த ஷூ எனக்குக் கனத்தது.

லிங்கராஜபுரத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு இரண்டாவது மாடி. கார் நிறுத்துமளவு மனையில் மூன்று வீடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். படிக்கட்டுக்கு மிச்சமிருந்த இடம் ஒன்றரை முழம். அதனால் படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருந்தன. கோவையில் இப்படி ஒரு படி கட்டினால் கொத்தனாரைத் திருப்பிக் கூப்பிடுவார்கள். “பழகிடும்” என்றாள் சுகன்யா, வயிற்றை முன்னால் விட்டுக்கொண்டு விடுவிடுவென்று ஏறியபடி.

தெருவில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தமிழ் கேட்டது. கோழிக்கடைக்காரர் என்னிடம் தமிழில் விலை சொல்லி, பக்கத்தில் நின்றவரிடம் கன்னடத்தில் பேரம் பேசி, உள்ளே இருந்த ஆளை உருதுவில் திட்டினார். மூச்சு விடவில்லை. முக்கில் இருந்த ஓட்டலில் ஆல்பர்ட் எங்களுக்கு ‘பை டூ’ காபி வாங்கித் தந்தான். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருகிறார்கள். கோவையில் இப்படிக் கேட்டால் கல்லாவில் இருப்பவர் வீட்டு நிலைமையை விசாரிப்பார். இங்கே கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வருகிறவர்களும் அப்படித்தான் குடிக்கிறார்கள். காபி நன்றாக இருந்தது. சாம்பாரில் வெல்லம் இருந்தது. அதை மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பானது. “இருபத்தொரு கிலோமீட்டரா! எனக்கும் சேர்த்து ஓடிட்டு வாடி. நான் அரிசி மூட்டை மாதிரி கெடக்கறேன்.”

ஞாயிறு விடிகாலையில் ஓடினேன். கோவையில் நான் பயிற்சி செய்தது சமதரையில். பெங்களூரில் சமதரை கிடையாது. சாலை ஏறும், இறங்கும், பிறகு ஒரு மேம்பாலத்தில் நன்றாக ஏறி நன்றாக இறங்கும். ஏற்றத்தில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். இறக்கத்தில் நான் அவர்களையெல்லாம் தாண்டினேன். கால்கள் தாமாகவே போயின, நான் தடுக்கவில்லை. என் தொழிலில் இறக்கம் என்றால் இலவசம். தண்ணீரை மேலே ஏற்றத்தான் மோட்டாருக்கு வேலை, கீழே அது தானாக வரும். தொடைக்கும் அதே விதிதான் என்று நினைத்துவிட்டேன். இறக்கத்தில் தொடைதான் பிரேக் பிடிக்கிறது, அங்கேதான் அது கிழிகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மேம்பால ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் கன்னடத்தில் பக்கத்து ஆளிடம் சொன்னது மட்டும்தான்: “அந்தப் பெண்ணைப் பார், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி ஓடுகிறாள்.” என்னைப் பார்க்க அங்கே வந்து நின்றிருந்த ஆல்பர்ட் பிற்பாடு மொழிபெயர்த்துச் சொன்னான். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

முடித்ததும் ஒரு பதக்கத்தையும் வாழைப்பழத்தையும் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படியேறிக் குளித்து, ஆட்டுக்கால் சூப்போடு இட்லி சாப்பிட்டு, என் துணிகளை மட்டுமல்ல, சுகன்யாவின் துணிகளையும் துவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டேன். தொடையில் லேசான இறுக்கம், அவ்வளவுதான். மோட்டார் ஓடி நின்றதும் சூடாக இருக்கும், நேரம் ஆக ஆகக் குறையும். உடம்பும் அப்படித்தான் ஆறும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று சுகன்யாவிடம் விளக்கினேன். விளக்கும்போது கையால் காற்றில் கீழிறங்கும் ஒரு கோடு வேறு வரைந்து காட்டினேன்.

திங்கட்கிழமை கோடு எதிர்ப்பக்கமாகப் போயிற்று.

கட்டிலிலிருந்து இறங்குவதற்கே இரண்டு முயற்சி தேவைப்பட்டது. நடக்கலாம், ஆனால் முழங்காலை மடக்க முடியாது. நாற்காலியில் கடைசி அரை அடியை உட்காருவதில்லை, விழுகிறேன். தும்மினால் தொடை வலித்தது. இதையெல்லாம் ஒரு புன்னகையோடு சமாளித்துக்கொண்டிருந்தேன், கழிப்பறைக்குப் போகும்வரை. அது இந்தியன் கழிப்பறை.

உட்கார்ந்தது புவியீர்ப்பின் உதவியால். எழுவதற்கு உதவ எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே சுகன்யாவின் குரல் கேட்டது.

“நந்து? என்னடி ஆச்சு?”

“ஒன்னுமில்ல.”

“ஒன்னுமில்லன்னா ஏன் சத்தமே காணோம்?”

“எந்திரிக்க முடியல.”

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் என்பது சத்தத்திலிருந்தே தெரிந்தது. “ஐயோ, சிரிக்க வைக்காதடி. இங்கயே பெத்துருவேன். கதவைத் தெற, நான் கை குடுக்கறேன்.”

தாழ்ப்பாள் மேலே இருந்தது. திறந்திருந்தாலும் ஒன்பது மாத வயிற்றுக்காரியின் கையைப் பிடித்து எழுவேனா? வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு முழங்கையையும் அதன்மேல் ஊன்றி, நாலு காலில் நிற்கும் குட்டிபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு சுவரைப் பிடித்துத் தலையைத் தூக்கினேன். வெளியே வந்தபோது சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எனக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று முழுவதும் வேலை தலைகீழாக நடந்தது. நான் கொண்டுபோன நல்லெண்ணெயை அவள் சூடு பண்ணினாள். அவளுக்காக எடுத்துப்போன வெந்நீர்ப் பை என் தொடைமேல் இருந்தது. தசையை உருளையால் உருட்டினால் நல்லது என்று எங்கோ பார்த்திருந்தாள்போல. சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையோடு வந்தாள். வேண்டாம் என்றேன். “சும்மா இருடி, எனக்கும் பொழுது போகணும்” என்று என் காலைத் தன் பக்கம் இழுத்து முக்காலியில் வைத்து, துணியைச் சுற்றி, கீழிருந்து மேலாக உருட்டினாள். குனிய அவளுக்கு வயிறு இடித்தது. வீங்கிய அவள் பாதங்கள் செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கியிருந்தன. அந்தப் பாதங்களுக்கு எண்ணெய் தேய்க்க வந்தவள் நான்.

நடுவில் அவள் மாமியார் ஃபோன் செய்தார். ஸ்டெல்லா அம்மா ஒக்கலிபுரத்தில், ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோன கணவரின் பழைய வீட்டில் இருக்கிறார். பல வருடம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். தையல் மெஷின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். ஸ்பீக்கர் தேவையே இல்லை.

“எதுக்கு ஓடுச்சு? யாரு தொரத்துனாங்க?”

“போட்டி, அத்தை.”

“ஜெயிச்சுதா?”

“மெடல் குடுத்தாங்க.”

“எத்தினியாவது?”

சுகன்யா என்னைப் பார்த்தாள். “ஓடி முடிச்ச எல்லாருக்கும் குடுத்தாங்க, அத்தை.”

“சரி, அதுக்கு ரசம் சூடா வெச்சுக் குடு. ஏன்மா, உன்னப் பாத்துக்க அது வந்துச்சா, அதப் பாத்துக்க நீ இருக்கியா?”

சுகன்யா சிரித்தாள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். ஆல்பர்ட் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். இரண்டு வாரம் இருக்கிறது, நந்தினி வேறு கூட இருக்கிறாள் என்ற தைரியம். நான் சமையலறை மேடையைப் பிடித்தபடி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து சுகன்யா மிகச் சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

“நந்து, தரையெல்லாம் ஈரம். பனிக்குடம் உடைஞ்சிருச்சுன்னு நெனக்கறேன்.”

இதற்கான பட்டியல் என்னிடம் இருந்தது. ஆல்பர்ட்டுக்கு ஃபோன். ஸ்டெல்லா அம்மாவுக்கு ஃபோன். ஆஸ்பத்திரிப் பை. ஆட்டோ. வீட்டுச் சாவி. ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தேன். ஆட்டோவும் வந்து கீழே நின்றது. பட்டியலில் நான் எழுதாமல் விட்டது படிக்கட்டு.

ஏறுவதாயிருந்தால்கூட எப்படியாவது ஏறியிருப்பேன். இறங்குவதற்குத் தொடை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் படியில் காலை வைத்ததும் முழங்கால் மடிந்து, சுவரில் தோள் மோதி நின்றேன். கைப்பிடி இல்லாத படி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்ற சுகன்யாவுக்கு அப்போதுதான் ஒரு வலி வந்தது. கண்ணை மூடி, வாயைக் குவித்து ஊதினாள். வலி போனதும் சொன்னாள்: “நீ ஓரமா ஒதுங்குடி. நான் முன்னால போறேன். வழுக்குனா என்மேல விழாத.”

அவள் பையோடு இறங்கினாள். நான் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைகள் இறங்குவதுபோல, படிக்குப் படி பின்பக்கத்தால் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். திருப்பத்தில் இன்னொரு வலி வந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்ப் பிடித்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை. நான் மூன்று படி மேலே இருந்தேன். முதல் மாடிப் பெண்மணி கதவைத் திறந்து, நின்றுகொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சியையும் உட்கார்ந்தபடி வந்த என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம்தான் கன்னடத்தில் கேட்டார். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார் என சுகன்யா சொன்னாள்.

ஆட்டோக்காரருக்கும் அதே குழப்பம். என் காலை உள்ளே எடுத்து வைக்க நான் கையால் தூக்கியபோது முனகிவிட்டேன். “பொறுத்துக்கோமா, பத்தே நிமிஷம்” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். பத்து நிமிடத்தில் மேம்பாலத்தின் ஏற்றம்வரைதான் போனோம். முன்னால் ஒரு தண்ணீர் லாரி பழுதாகி நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் உருதுவில் கத்தினார், பிறகு தமிழில் கெஞ்சினார். இரண்டு பைக்குகள் நகர்ந்தன. நாங்கள் அந்த இடுக்கில் நுழைந்தோம். சுகன்யா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வலிக்கும் பிடி இறுகியது. அந்த ஒரு காரியத்துக்காவது நான் பயன்பட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயா ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பெண்களில் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு தானாக இறங்கி நிற்கிறாள். இன்னொருத்தி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாக இறங்குகிறாள். அவர் கண்ணுக்கு முன் இருந்த ஆதாரம் தெளிவு. நாற்காலியை என் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுவந்து இடித்தார். நான் அதில் விழுந்தேன்.

“பயப்படாத கண்ணு. மொதல் பேறா?”

“அக்கா, நான்தான்” என்றாள் சுகன்யா.

ஆயா அவளையும் என்னையும் பார்த்தார். “அப்ப இதுக்கு இன்னா?”

“ஞாயித்துக்கெழம ஓடுச்சுங்க.”

அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்ப ஆயாவும் காவலாளியும் வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் சுகன்யா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கவுண்டரில், கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டார்கள். “அக்கா” என்று சொன்னாள். நான் அவளைவிட இளையவள்.

அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். தாழ்வாரத்தில் நின்றேன். உட்காரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். உட்கார்ந்தால் தொடை உறைந்துவிடும். இன்று எனக்கு இருப்பது ஒரே வேலை, அதற்குக் கால் வேண்டும். மத்தியானம் ஆல்பர்ட் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஸ்டெல்லா அம்மா ஒரு பிளாஸ்க்கோடும் இரண்டு சொந்தக்காரப் பெண்களோடும் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் ஓடுனதா?”

“ஆமாங்க ஆன்ட்டி.”

“நிக்கிறதப் பாத்தா ஓடுன மாரி தெரியல. காலுக்குக் கட்ட போட்ட கோழி மாரி கீற.”

சுகன்யா பயந்தபடியே சாயங்காலவாக்கில் சொந்தக்காரப் பெண்களில் ஒருவர் ஆரம்பித்தார். “ஸ்டெல்லாக்கா, பொண்ணு வூட்லருந்து யாரும் வரலியா?”

“ஏன், கண்ணு தெரியலியா? இதோ நிக்கிறாங்களே” என்று ஸ்டெல்லா அம்மா என்னைக் காட்டினார். நான் சுவரிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றேன். அந்தப் பயணத்தில் தலை நிமிர்ந்து நின்ற ஒரே நேரம் அது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே என் கையைப் பிடித்து இழுத்தார். “காலைலருந்து நிக்கிற. குந்து.”

“உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுங்க ஆன்ட்டி.”

“நா தூக்கி உடறேன். சும்னே பேஜார் பண்ணாத, குந்து.”

மறுத்திருக்கலாம். வலி மறுக்க விடவில்லை. தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. தாழ்வான இரும்பு நாற்காலியில் விழுந்தேன். பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கையில் கொடுத்தார். அப்போதுதான் ஆல்பர்ட்டிடம் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கீழே அனுப்பினார்கள். சொந்தக்காரப் பெண்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்கள். பாதிக் காபிதான் குடித்திருப்பேன். கதவு திறந்தது. நர்ஸ் கையில் பச்சைத் துணிச் சுருள்.

“சுகன்யாவின் ஆட்கள் யார்? பெண் குழந்தை” என்று கன்னடத்தில் கூப்பிட்டார். அந்த அளவு கன்னடம் எனக்குமே புரிந்தது.

எழுந்தேன். அதாவது கால்களை எழச் சொன்னேன், எதுவும் எழவில்லை. ஸ்டெல்லா அம்மா தான் எழுந்த கையோடு என் முழங்கையைப் பிடித்தார். “எந்திரி எந்திரி. பொண்ணு வூட்டு ஆளு நீ, நீதான் வாங்கணும்.” பிடித்துத் தூக்கினார். பாதி எழுந்தேன். முழங்கால் விட்டுவிட்டது. காபி என் மடியில் கொட்ட, நான் திரும்பவும் நாற்காலியில் விழுந்தேன்.

“சிஸ்டர், ஒரு நிமிசம், இவங்க வாங்குவாங்க.”

நர்ஸுக்குப் பொறுமை இல்லை. யாராவது ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், குழந்தைக்குக் குளிரும், உள்ளே வேலை இருக்கிறது என்றார். ஸ்டெல்லா அம்மா என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை முயற்சி செய் என்று காத்திருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நான் நாற்காலியின் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

குழந்தையை அவர் என் பக்கம் சாய்த்துக் காட்டினார். சிவந்த முகம், ஒட்டிய தலைமுடி. “பாரு, பாரு, உங்க ஊரு மூக்கு” என்றார். நான் தலையாட்டினேன். நர்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சுகன்யாவை வார்டுக்கு மாற்றியபின் எங்களை உள்ளே விட்டார்கள். முகம் வெளுத்து, தலை கலைந்து, ஏதோ ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வந்தவள்போல இருந்தாள். குழந்தை பக்கத்தில் இருந்தது. அவள் முதலில் பார்த்தது என்னைத்தான்.

“நீதானே வாங்குன?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா அம்மா முந்திக்கொண்டார். “பின்ன? உன் ஆளுதான் வாங்குச்சு. அப்பறம்தான் நான்.”

சுகன்யாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“இல்லடி. அத்தைதான் வாங்குனாங்க. நான் உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல.”

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் மடியில் இருந்த காபிக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஒன்னே ஒன்னுதானடி கேட்டேன்.” முகத்தைக் குழந்தை பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா அம்மா என்னை மடக்கினார். “நா சொன்னத எதுக்குக் கெடுத்த?”

“பொய் சொல்ல வரலீங்க ஆன்ட்டி.”

“உண்ம மட்டும் டக்குனு எந்திரிச்சு நிக்குது. காலு நிக்கல.”

அவர் சொன்ன பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சொன்ன உண்மையால் சுகன்யாவுக்கு நஷ்டம். என் மனசாட்சியின் சுமையையும் சேர்த்து, பிள்ளை பெற்று ஒரு மணி நேரம்கூட ஆகாதவள் தலையில் வைத்திருக்கிறேன். அன்று இரவு லிங்கராஜபுரத்துப் படியைக் கையும் காலுமாக ஏறியபோது, அந்தத் தவழும் உயரம்தான் எனக்குச் சரியான உயரம் என்று தோன்றியது.

புதன்கிழமை வலி கொஞ்சம் இறங்கியது. பக்கவாட்டாகத் திரும்பி, சுவரில் இரண்டு கையையும் வைத்து, ஒரு படிக்கு இரண்டு காலாக இறங்கினால் நின்றபடியே இறங்கலாம் என்று கண்டுபிடித்தேன். குழைந்த சோறு, பூண்டு ரசம், சுக்கு போட்ட கஷாயம். தாய்வீட்டிலிருந்து வரவேண்டியவை இவை என்று கூகுளைக் கேட்டுத்தான் சமைத்தேன். பஸ்ஸில் போனேன். படி உயரம். ஏற நான் தடுமாறியதைப் பார்த்து, கண்டக்டர் உட்கார்ந்திருந்த பையனைக் கன்னடத்தில் அதட்டி எனக்கு இடம் வாங்கித் தந்தார். முதியவர்களுக்கான இடம் அது. உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வார்டில் ஆல்பர்ட் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா அம்மா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார். சுகன்யா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்த பெண்ணுக்கு, அவள் அம்மா தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். சுகன்யா அதைப் பார்க்காமல் சாப்பிட்டாள். நான் அவள் பார்க்காததைப் பார்த்தேன்.

“பூண்டு ஜாஸ்தி” என்றாள்.

“நாளைக்குக் குறைச்சுடறேன்.”

“குறைக்காத. இருக்கட்டும்.”

தட்டைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல், தையல் போட்ட இடம் வலித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஆல்பர்ட் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“இவளைக் கொஞ்சம் பிடிடி. நான் ஒருக்களிச்சுப் படுக்கணும்.”

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். தலையை எப்படிப் பிடிப்பது என்று அவள் விரலால் காட்டினாள். ஒரு சின்ன பம்ப் மோட்டார் கனம்கூட இல்லை. சூடாக இருந்தாள். சுகன்யா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் படுத்து, தலையணையைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தாள். என் தொடை நடுங்குவது சுடிதாருக்கு மேலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“உக்காரேன்டி” என்றாள்.

“வேண்டாம்” என்றேன். அவள் தூங்கி எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.